சந்திரசேகரன் சாப்பிட வரலாம்

பிள்ளை பிறந்து இருபத்தெட்டு நாளாச்சு, பேரு மட்டும் இன்னும் பிறக்கல. இந்த வீட்டுல ஆளாளுக்கு வாய் இருக்கு, ஒரு பேரை முடிவு பண்ணத்தான் ஆளில்ல. ஓவியா "குட்டி"ங்குறா. அவ புருஷன் சிவக்குமாரு "டேய் பயலே"ங்குறான். நான் "ராசா"ங்குறேன். பக்கத்து வீட்டு அமீர் நிஷா தினம் வந்து எட்டிப் பாத்துட்டு, "என்னடி ராஜம், இன்னும் இவன் விலாசம் இல்லாத தபாலாவே கெடக்குறானா?"ன்னு கேட்டுட்டுப் போறா.

தகராறு ரெண்டே ரெண்டு பேருக்குத்தான். சோமசேகரன், இல்லாட்டி சந்திரசேகரன். கேக்குறவங்க சிரிக்கிறாங்க. சோமன்னாலும் நிலா, சந்திரன்னாலும் நிலா. ரெண்டும் நிலாவைத் தலையில வச்சிருக்குற சிவன் பேருதான், இதுல என்ன சண்டைங்குறாங்க. சொல்றவங்களுக்கு என்ன, வாய் புளிச்சுதோ மாங்காய் புளிச்சுதோன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க.

மொதப் பேரு என் வீட்டுக்காரரு பேரு. முப்பத்து மூணு வருஷம் அவரோட குடும்பம் நடத்துனேன், ஒரு தடவை கூட அந்தப் பேரை நான் சொன்னதில்ல. புருஷன் பேரைச் சொன்னா அவரு ஆயுசு குறையும்னு சொல்லி வளத்தாங்க, வளந்துட்டேன். இப்ப மட்டும் சொல்றியேன்னு கேக்குறீங்களா? அது எப்படி வந்துச்சுன்னுதான் சொல்ல வர்றேன், பொறுங்க.

சிவக்குமாரு என் வயித்துல பிறந்தவன் இல்ல. எங்க வீட்டுக்காரரோட தம்பி பிள்ளை. பத்து வயசுல தாய் தகப்பன் ரெண்டு பேரையும் ஒரே விபத்துல பறிகொடுத்துட்டு, ஒரு துணிப்பையோட எங்க வீட்டுக்கு வந்தான். எங்களுக்குப் பிள்ளை இல்ல. வந்தவனைப் பிள்ளையாக்கிக்கிட்டோம். படிச்சான், மின்துறையில வேலைக்குப் போனான், பேங்குல வேலை பாக்குற ஓவியாவைக் கட்டுனான். பிரசவம் பாக்குறது பொண்ணு வீட்டு மொறைதான். ஆனா ஓவியா அம்மா உமாமகேஸ்வரிக்கு மூட்டு வலி, அதனால டி.ஆர்.பட்டினத்துல எங்க வீட்டுலயே வச்சுப் பாத்துக்கிட்டோம். பெரியப்பா செத்து ரெண்டு வருஷம் கழிச்சு ஆம்பளப் பிள்ளை. வேற என்ன பேரு வைப்பான் சிவக்குமாரு?

"பெரியப்பா பேருதான். சோமசேகரன். இந்த வீட்டுல அந்தப் பேரு மறுபடி சத்தமாக் கேக்கணும்"னான்.

ஓவியா கெட்டிக்காரி. "கேக்கட்டும், யாரு வேணாம்னா? நான் அஞ்சு மாசத்துல வேலைக்குப் போயிடுவேன். நாள் பூரா அத்தைக்கிட்டதானே இருப்பான். அவங்க எப்படிக் கூப்பிடுவாங்க? ஆயுசுக்கும் 'ஏய், ஓய்'னா? சந்திரசேகரன்னு வைப்போம். அதே சாமி, அதே அர்த்தம். அத்தை வாய் நிறையக் கூப்பிடலாம்"னா.

அந்தப் பேரு எனக்கு என்னன்னு அறியாமதான் அவ சொன்னா.

சிவக்குமாருக்கு மூக்குக்கு மேல கோபம். "அந்தப் பேரா? அது ரேஷன் கார்டுல தப்பா ஏறுன பேரு. பெரியப்பா போனப்புறம் அதைத் திருத்த நான் எத்தனை ஆபீஸ் ஏறி இறங்குனேன்னு உனக்குத் தெரியுமா? ஒரு தப்பை எடுத்து என் பிள்ளைக்குப் பேரா வைக்கச் சொல்றியா?"

ரெண்டு பேரும் என்னைப் பாத்தாங்க. "பெரியம்மா, நீங்க சொல்லுங்க."

நான் பிள்ளைக்கு எண்ணெய் தேச்சுக்கிட்டு இருந்தேன். "உங்க இஷ்டம்"னேன். பச்சைப் பொய். என் இஷ்டம்னு ஒண்ணு தொண்டைக்குழி வரைக்கும் வந்து நின்னுச்சு, வெளிய வரல.

அந்தத் தப்பு எப்படி ஏறுச்சுன்னு சிவக்குமாருக்குத் தெரியாது. அது ஏறும்போது அவன் கைக்குழந்தை.

எங்களுக்குக் கல்யாணமாகி மூணாம் வருஷம், ரேஷன் கார்டுக்குக் கணக்கெடுக்க ஒரு ஆளு வந்தாரு. எங்க வீட்டுக்காரரு வேலைக்குப் போயிட்டாரு. அப்ப நெல் மூட்டை எடை போடுற வேலை. பின்னாடி கீழவாஞ்சூர்ல துறைமுகம் வந்ததும் நிலக்கரி லாரி எடை போடுற வேலை. ஆக மொத்தம் வாழ்க்கை பூரா எடை போட்டாரு, ஆளை மட்டும் எடை போடத் தெரியாம என்னைக் கட்டிக்கிட்டாரு.

"வீட்டுக்காரரு பேரு என்னம்மா?"ன்னாரு வந்தவரு.

நான் கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு, "சிவன் பேருங்க"ன்னேன்.

"சிவனுக்கு ஆயிரம் பேரு இருக்கே."

"தலையில நிலா வச்சிருப்பாருல்ல, அந்தப் பேருங்க."

"அட, சந்திரசேகரன்! இதைச் சொல்றதுக்கா இவ்வளவு?"ன்னு எழுதிட்டாரு. இல்லன்னு சொன்னா அப்ப எதுன்னு சொல்லணுமே. நான் தலையை ஆட்டிட்டேன்.

கார்டு வந்துச்சு. எங்க வீட்டுக்காரரு வாங்கிப் பாத்தாரு. "யாருடி இது சந்திரசேகரன்? எனக்கே தெரியாம என் வீட்டுல தலைவனாக் குந்தியிருக்கான்!"னாரு. நான் நடந்ததைச் சொல்லிட்டு அழுதேன். வேற ஆம்பளையா இருந்தா நாலு சாத்து சாத்தியிருப்பான். இவரு சுவத்துல சாஞ்சு உக்காந்து, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாரு. சிரிச்சு முடிச்சுட்டு, "நல்லதாப் போச்சு ராஜம். இந்தப் பேருக்குத் தடை ஒண்ணும் இல்லல்ல? இனிமே இதைச் சொல்லிக் கூப்பிடு"ன்னாரு.

"போங்க, வெக்கமா இருக்கு"ன்னேன்.

பதினோரு நாள் ஆச்சு எனக்கு. பன்னெண்டாம் நாள் மத்தியானம் வீட்டுல யாருமில்ல. அவரு கொல்லையில முதுகைக் காட்டிக்கிட்டு சைக்கிள் துடைச்சுக்கிட்டு இருந்தாரு. சோத்தைப் போட்டு வச்சுட்டு, அடுப்பைப் பாத்துக்கிட்டே சொன்னேன்: "சந்திரசேகரன் சாப்பிட வரலாம்."

"ஆஜர்!"னு ஒரு சத்தம். கோர்ட்டுல நிக்கிற மாதிரி வாசப்படியில வந்து நின்னாரு மனுஷன்.

அன்னையிலேருந்து, வீட்டுல நாங்க ரெண்டு பேரு மட்டும் இருந்தா அவரு சந்திரசேகரன்தான். சந்திரசேகரன் குளிக்கப் போகலாம். சந்திரசேகரன் சட்டையில ஒரு மூட்டை கரி இருக்கு, அப்படியே உள்ள வரக் கூடாது. ஒவ்வொண்ணுக்கும் "ஆஜர்". சிவக்குமாரு வந்தப்புறம் இவனுக்குக் கேக்காம குசுகுசுன்னு கூப்பிடுவேன். அவரு மட்டும் சத்தமா "ஆஜர்"ம்பாரு. அதைக் கேட்டுக் கேட்டு இவனுக்கும் ஒட்டிக்கிச்சு. இன்னைக்கும் சாப்பிடக் கூப்பிட்டா "ஆஜர்"னுதான் வருவான். பெரியப்பாவோட ஆபீஸ் வழக்கம்னு நெனச்சுக்கிட்டு இருக்கான், எதுக்குப் பதில் அதுன்னு தெரியாம.

மத்த பொம்பளைங்களுக்கு இந்தக் கஷ்டம் இல்ல. ஒரு பிள்ளையைப் பெத்துட்டா அந்தப் பிள்ளையைச் சொல்லி அப்பாவைக் கூப்பிட்டுக்கலாம். அமீர் நிஷா இன்னைக்கும் "சஃப்வான் வாப்பா, சஃப்வான் வாப்பா"ன்னுதான் கூவுறா. எனக்கு யாரைச் சொல்லிக் கூப்பிடுறது? லாரிக்காரனெல்லாம் "சோமசேகரன் சார், சோமு அண்ணே"ன்னு கூப்பிட்டானுங்க. கட்டுனவளுக்கு "ஏங்க"தான். அந்த ரேஷன் கார்டுக்காரரு மகராசன் எனக்குன்னு ஒரு பேரை எழுதிக் குடுத்துட்டுப் போனாரு.

ஆனா வேண்டிய நேரத்துல அதை நான் சொல்லல.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, மாங்கனித் திருவிழா முடிஞ்ச வாரம், வேலை முடிஞ்சு வந்தவரு செருப்பைக் கழட்டும்போதே சாஞ்சுட்டாரு. மூளையில ரத்தம் கட்டிக்கிச்சுன்னாங்க. ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் கண்ணு தொறக்கல. மூணாம் நாள் காலையில நர்ஸ் பொண்ணு வந்து, "அம்மா, காதுகிட்டப் போயி அவரு பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. சில பேருக்குக் காது கேக்கும், முழிச்சுப் பாப்பாங்க"ன்னா.

பக்கத்துல சிவக்குமாரு நிக்கிறான். நர்ஸ் நிக்கிறா. அவரு சொந்தப் பேரு வாயில வராது. கார்டுல ஏறுன பேரைச் சொல்ல வெக்கம். ஆமாங்க, வெக்கம்! புருஷன் சாகக் கெடக்குறாரு, நான் வெக்கப்பட்டேன். குனிஞ்சு "ஏங்க, ஏங்க"ன்னேன்.

அந்த வார்டுல ஆறு கட்டில். ஆறு பேரும் யாரோ ஒருத்திக்கு "ஏங்க"தான். தன்னைத்தான் கூப்பிடுறாங்கன்னு அவருக்கு எப்படித் தெரியும்?

சாயங்காலம் போயிட்டாரு.

அப்புறம் சாவுச் சான்றிதழ்ல ஒரு பேரு, கார்டுல ஒரு பேருன்னு சிக்கல் வந்துச்சு. சிவக்குமாரு லீவு போட்டு அலைஞ்சு, திருத்தி, புதுக் கார்டைக் கொண்டு வந்து என் கையில குடுத்தான். "இனிமே எல்லாம் சரியா இருக்கு பெரியம்மா." பழைய கார்டு எங்கன்னு கேட்டேன். ஆபீஸ்ல வாங்கிக்கிட்டாங்களாம். அந்தப் பேரு எழுதியிருந்த ஒரே இடம் அதுதான். நான் அழுதேன். பாவம், சந்தோஷத்துல அழுவுறேன்னு நெனச்சுக் கண்ணைத் துடைச்சு விட்டான்.

இதையெல்லாம் அமீர் நிஷாகிட்ட மட்டும்தான் சொன்னேன், அதுவும் இந்தப் பேரு தகராறு வந்தப்புறம். மீன் அலசிக்கிட்டு இருந்தவ அப்படியே நிறுத்திட்டா.

"யா அல்லா! முப்பது வருஷமாப் பக்கத்து வீட்டுல இருக்கேன், அண்ணன் எதுக்கு ஆஜர் ஆஜர்னு கத்துனாருன்னு இன்னைக்குத்தான் தெரியுது. கள்ளி! போயி அந்தப் பையன்கிட்டச் சொல்லேன்டி."

"என்னன்னு சொல்றது? புருஷனும் பொண்டாட்டியும் வெளையாடுனதை வளந்த பிள்ளைக்கிட்டச் சொல்லுவாங்களா? மானம் போயிடும்."

"மானம் போனா போவுது. ஆஸ்பத்திரியில இந்த மானத்தைக் கட்டிக்கிட்டு அழுதது போதாதா?"

சுருக்குன்னுச்சு. ஒரு நாள் அவகூடப் பேசல. மறுநாள் அவளே மீன் குழம்பு குடுத்துவிட்டா, சண்டை முடிஞ்சுது.

முப்பதாம் நாள் தொட்டில் போடுறதுன்னு முடிவாச்சு. அதுக்கு மொத நாள் சிவக்குமாரு என் முன்னாடி வந்து உக்காந்தான். "பெரியம்மா, நாளைக்கு நீங்கதான் பிள்ளை காதுல பேரைச் சொல்லணும். மூணு தடவை."

"நான் பொட்டு இல்லாதவ. சம்பந்தியம்மா எதாச்சும் சொல்லுவாங்க."

"யாரு என்ன சொன்னாலும் சரி. நீங்க சொல்லலன்னா விசேஷமே வேணாம்."

"அந்தப் பேரு எனக்கு வராதுடா."

அவனுக்கு ஆத்திரம். அவன் பிடிச்ச முயலுக்கு மூணே கால். "ஆயுசு குறையும்னுதானே சொல்லாம இருந்தீங்க? இப்ப யாரு ஆயுசைக் காப்பாத்துறீங்க?"ன்னுட்டான்.

சொன்னதும் அவன் மூஞ்சி செத்துப் போச்சு. "பெரியம்மா, மன்னிச்சுக்குங்க, நான்..."

"போதும் நிறுத்துடா. சொல்லணும், அவ்வளவுதானே? சொல்றேன். சோமசே... அந்தப் பேரையே வையி!"ன்னு கத்திட்டேன். கத்தும்போதே பாதிப் பேரு வெளிய வந்துருச்சு.

மறுநாள் கூடத்துல தொட்டில் கட்டியாச்சு. ஓவியா பட்டுப்பொடவை. அமீர் நிஷா ஒரு தட்டு நிறைய வட்டிலப்பம் செஞ்சு எடுத்துக்கிட்டு வந்துட்டா. உமாமகேஸ்வரி சம்பந்தியம்மா நாற்காலியில உக்காந்துக்கிட்டு, "நல்ல காரியத்துக்கு மஞ்ச குங்குமத்தோட இருக்குறவங்க யாராச்சும்..."னு ஆரம்பிச்சாங்க. "அம்மா, வாயை மூடிக்கிட்டு இரு"ன்னு ஓவியா ஒரே போடு. சம்பந்தியம்மா மூடிக்கிட்டாங்க. எனக்கு அந்தப் பொண்ணை அங்கயே கட்டிப் பிடிச்சுக்கலாம் போல இருந்துச்சு.

பிள்ளையைத் தொட்டில்ல போட்டுட்டு எல்லாரும் என்னைப் பாத்தாங்க. குனிஞ்சேன். பால் வாசம், பவுடர் வாசம். காது இத்துனூண்டு. மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு, முப்பத்து மூணும் ரெண்டும் முப்பத்தஞ்சு வருஷமா சொல்லாத பேரைச் சொன்னேன்.

"சோமசேகரன்."

எதாச்சும் ஆகும்னு நின்னேன். இடி விழும், நாக்கு அழுகும், மயக்கம் வரும். ஒண்ணும் ஆகல. பஸ் ஸ்டாண்டுல யாரோ யாரையோ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. நான் சரியாச் சொல்லலையோன்னு இன்னொரு தடவை சொன்னேன். "சோமசேகரன்." அப்பவும் அப்படித்தான். எடை போடுற இடத்து சாரு ஞாபகத்துக்கு வந்தாரு, லாரிக்காரனுங்க ஞாபகத்துக்கு வந்தானுங்க. கொல்லையில சைக்கிள் துடைச்ச ஆளு வரல. இந்தப் பேருக்கா இத்தனை வருஷம் நான் பயந்தேன்?

மூணாவது தடவை வாய் தொறக்கல.

"பெரியம்மா?"ன்னான் சிவக்குமாரு.

நிமிந்தேன். கூடம் நிறைய ஆளு. சம்பந்தி வீட்டுச் சனம், மின்துறை ஆளுங்க. வெக்கம் வந்துச்சு, வந்துட்டுப் போவட்டும்னு விட்டேன். "சிவா, அது தப்பா ஏறுன பேரு இல்லடா. நான் அவரைக் கூப்பிட்ட பேரு"ன்னேன்.

அவனுக்குப் புரியல. நான் நின்ன வாக்குல எல்லாத்தையும் சொன்னேன். கணக்கெடுக்க வந்த ஆளை, கார்டை, பன்னெண்டாம் நாளைச் சொன்னேன். சம்பந்திச் சனம் சிரிச்சாங்க, சிரிக்கட்டும். "உங்க பெரியப்பா ஆஜர் ஆஜர்னு சொன்னது ஆபீஸ் வழக்கம் இல்லடா. நான் 'சந்திரசேகரன் சாப்பிட வரலாம்'னு கூப்பிடுவேன், அதுக்குப் பதில். ஆஸ்பத்திரியில பேரைச் சொல்லிக் கூப்பிடுன்னு அந்தப் பொண்ணு சொன்னப்ப, நீ பக்கத்துல நின்ன. வெக்கப்பட்டுக்கிட்டுக் கூப்பிடாம விட்டுட்டேன். கூப்பிட்டிருந்தா பொழைச்சிருப்பாருன்னு சொல்லல. ஒரு தடவை திரும்பிப் பாத்திருப்பாரு. அது போதும் எனக்கு. அதுக்குத்தான் இந்தப் பேரு வேணும்னேன். இல்ல, வேணும்னு சொல்லவே இல்லயே நான். இப்பச் சொல்றேன். எனக்கு அந்தப் பேரு வேணும்."

இப்ப யாரும் சிரிக்கல. சிவக்குமாரு தொட்டில் கயித்தைப் பிடிச்சுக்கிட்டுத் தரையைப் பாத்துக்கிட்டு நின்னான். "அந்தக் கார்டை நான்தானே பெரியம்மா கொண்டு போயிக் குடுத்தேன்"னான்.

"உனக்கு என்னடா தெரியும்? நான் சொன்னாத்தானே தெரியும்?"

முகத்தைத் தோள்ல துடைச்சுக்கிட்டான். "சொல்லுங்க பெரியம்மா. நீங்க கூப்பிட்ட பேரையே சொல்லுங்க."

சம்பந்தியம்மா விடுவாங்களா? "ஏற்கெனவே ரெண்டு தடவை வேற பேரைச் சொல்லியாச்சே, அது என்ன கணக்கு?"ன்னாங்க.

அமீர் நிஷா பின்னாடியிலேருந்து குரல் குடுத்தா. "அது பிள்ளைக்குச் சொன்னது இல்லங்க சம்பந்தியம்மா. அண்ணனைக் கூப்பிட்டது. அன்னைக்குக் கூப்பிடாததை இன்னைக்குக் கூப்பிட்டிருக்கா. நீங்க வட்டிலப்பம் சாப்பிடுங்க."

நான் மறுபடி குனிஞ்சேன். பிள்ளை உள்ளங்கையை மூடிக்கிட்டுத் தூங்குறான். சத்தமாவே சொன்னேன், கூடத்துக்கெல்லாம் கேக்கட்டும்னு. சந்திரசேகரன். சந்திரசேகரன். மூணாவது தடவை பழக்க தோஷம், வாய் அதுபாட்டுக்கு முழுசாச் சொல்லிருச்சு.

"சந்திரசேகரன் சாப்பிட வரலாம்."

"ஆஜர்"னு எனக்குப் பின்னாடி ஒரு சத்தம்.

திரும்பிப் பாத்தேன். சிவக்குமாரு. கண்ணு ரெண்டும் செவந்து, அவரு வாசப்படியில நிப்பாரே, அப்படியே நிக்கிறான்.

"உன்னை யாருடா கூப்பிட்டது?"ன்னு அதட்டுனேன். அதட்டி முடிக்கல, அழுகை வந்துருச்சு. ரெண்டு வருஷமா அடக்கி வச்சிருந்த அழுகை. அவனைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அத்தனை பேரு முன்னாடியும் அழுதேன், ஒரு வெக்கமும் இல்லாம.